முதல் தாள்

முந்நூற்றிநாலு விளையாடத் தெரிந்த யாழ்ப்பாணத்தவருக்கு பிரிட்ஜ் முற்றிலும் அந்நியமான விளையாட்டல்ல. இரண்டிலும் நாலு பேர், எதிரெதிராக இருக்கும் இரண்டு சோடிகள், கேள்வி, துரும்பு. 304இல் 32 தாள்கள். முதல் நாலு தாளைப் பார்த்துக் கேட்டுவிட்டுத் துரும்பைக் கவிழ்த்து வைப்போம். பிரிட்ஜில் 52 தாளும் பகிர்ந்த பின்பே கேள்வி தொடங்குகிறது. துரும்பு எதுவென்பது எல்லோருக்கும் தெரியும். மறைந்திருப்பது சோடியின் கை.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் ஊரில் கணிதம் படிப்பித்த ஒரு மாஸ்டர். ரொறன்ரோவில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் சோடி. 13 பிடிகளில் 12ஐ எடுப்பேன் என்று கேட்பது சின்ன ஸ்லாம். பதின்மூன்றும் என்றால் பெரிய ஸ்லாம். இதன் கணக்கை அவர் கரும்பலகையில் எழுதுவதுபோல ஒரு கடித உறையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். ஸ்கோப்பன் துரும்பில், வல்னரபிள் இல்லாத சோடி 4 கேட்டு 12 பிடி எடுத்தால் 480. 6 கேட்டு எடுத்தால் 980. ஒரு பிடி தவறினால், 4 கேட்டவருக்கு 450. 6 கேட்டவர் எதிரிக்கு 50 கொடுக்கவேண்டும். வென்றால் கூடுவதும் 500, தோற்றால் இழப்பதும் 500. ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே சின்ன ஸ்லாம் கேட்கலாம். பெரிய ஸ்லாமில் கூடுவது 500, இழக்கக்கூடியது 1030. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு நிச்சயமாவது வேண்டும்.

"பாதிக்குப் பாதி எண்டால் என்ன அர்த்தம், தம்பி? சரியாக் கேட்டவனும் இரண்டு தரத்திலை ஒருக்காத் தோப்பான்."

எதிரிகள் ஸ்லாம் கேட்டுவிட்டால் முதல் தாள் வைப்பது எங்கள் வேலை. டம்மியின் கை மேசையில் விரிவதற்கு முன்பே வைக்கவேண்டிய தாள் அது. கேட்ட கேள்விகளும் கேட்காத கேள்விகளும்தான் துணை. தியோடர் லைட்னர் 1929இல் ஒரு வழி கண்டார்: எதிரியின் ஸ்லாமை முதல் தாள் வைப்பவரின் சோடி டபிள் செய்தால், வழமைக்கு மாறான தாளை வை என்று பொருள். அவர் மௌனமாயிருந்தால் அந்த மௌனமும் ஒரு செய்தி.

ஒருமுறை எதிரிகள் ஸ்கோப்பனும் டயமனுமாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். 4 நோட்ரம்ப் என்று ஆஸ்களை விசாரித்தார்கள். ஓர் ஆஸ் குறைகிறது என்று தெரிந்தும் 6 ஸ்கோப்பனில் நின்றார்கள். நான் மௌனம். மாஸ்டரிடம் ஆட்டினில் 10, 9, 8. கிளாவரில் ராசாவும் மூன்று சிறு தாள்களும். ஆட்டின் பத்து பாதுகாப்பான தாள். அவர் கிளாவர் மூன்றை வைத்தார்.

டம்மியில் டயமன் ராசா, ராணி, ஜாக் என்று நீண்டு கிடந்தது. என்னிடம் கிளாவர் ராணியும் டயமன் ஆசும். என் ராணியை எதிரி ஆசால் பிடித்தார். துரும்பை இழுத்தார். டயமனைத் தொட்டதும் நான் ஆசால் பிடித்துக் கிளாவரைத் திருப்பினேன். மாஸ்டரின் ராசா வென்றது. ஒரு பிடி குறைவு. ஆட்டின் வைத்திருந்தால் எதிரி என் டயமன் ஆசை விரட்டிவிட்டு, மிச்ச டயமனிலும் ஆட்டினிலும் தன் கிளாவர்களைக் கழித்திருப்பார். சின்ன ஸ்லாமில் ராசாவின் கீழிருந்து துணிந்து வைப்பதற்குக் காரணம் இதுதான்: எதிரி கழிப்பதற்கு முன்பே எங்கள் இரண்டாவது பிடி தயாராக இருக்கவேண்டும். பெரிய ஸ்லாமில் இந்தத் துணிச்சல் தேவையில்லை. அங்கே ஒரு பிடி போதும். எதையும் கொடுக்காத தாளே நல்லது.

இரண்டு கிழமை கழித்து அதேபோன்ற கேள்விகள், அதேபோன்ற கை. அதேபோல ராசாவின் கீழிருந்து வைத்தார். இம்முறை ஆசும் ராணியும் எதிரியிடம். தோற்கவிருந்த ஸ்லாம் வென்றது. "மாஸ்டர் குடுத்துப்போட்டார்" என்று பின்மேசைக்காரர் சிரித்தார். "அண்டைக்கும் இதைத்தான் வைச்சனான்" என்றார் மாஸ்டர். வேறொன்றும் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது அவர் தன் தாயாரைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனவர். மூன்று கிழமையில் கொடிகாமத்தில் கிழவி கண்ணை மூடிவிட்டா. பக்கத்து வீட்டுக் கிழவி போகமாட்டேன் என்று நின்று, அதன் பிறகும் கனகாலம் உயிரோடிருந்தா. "விட்டிட்டுப் போயிருந்தால் அம்மா இருந்திருப்பா" என்று இங்கே சொந்தக்காரர் கலியாணவீடுகளில்கூடச் சொல்வார்கள். மாஸ்டர் ஒருநாள்தான் மறுமொழி சொன்னார்.

"செல் வருகுது, றோட்டாலை சனம் போகுது. இவ்வளவுதான் எனக்கு அண்டைக்குத் தெரியும்."

நின்றவர்கள், போனவர்கள், பிள்ளையை மட்டும் அனுப்பியவர்கள் பற்றியெல்லாம் நாங்கள் இங்கே நிறையத் தீர்ப்புச் சொல்கிறோம். 52 தாளும் விரிந்து கிடக்கும்போது சொல்லப்படும் தீர்ப்புகள் அவை. மாஸ்டர் ஆட்டம் முடிந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "வைக்கேக்கை உமக்கு என்ன தெரிஞ்சிருந்தது?" அதற்கு ஒழுங்கான பதில் இருந்தால், தோற்ற தாளைப்பற்றி மேற்கொண்டு பேசமாட்டார். அடுத்த கையைக் குலுக்கத் தொடங்கிவிடுவார்.