விரைவா, வலிவா?

நம் இல்லத்தில் பேரப்பிள்ளைகள் இருவர். மூத்தவனுக்கு வயது 12, இளையவனுக்கு 10. சென்ற ஞாயிற்றுக்கிழமை, காலைக் காப்பி ஆறுமுன்னரே இருவருக்கும் வழக்கு மூண்டது. சித்திரக்கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் அதிமானுட வீரர் இருவர் மோதிக்கொண்டால், மின்னலென ஓடுபவன் வெல்வானா, மலையெனும் உடல்வலி படைத்தவன் வெல்வானா என்பதே வழக்கு. விரைவின் சார்பில் இளையவன் வாதித்தான். வலிவின் சார்பில் மூத்தவன். நீதிபதியின் ஆசனம் நமக்குக் கிடைத்தது. பிள்ளைகளின் பெற்றோர் வார அலுப்பில் உறங்கிக்கொண்டிருந்தமையால், போட்டியின்றிக் கிடைத்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நம்மிடம் வழக்குரைப்போர் தமிழிலேயே உரைக்க வேண்டும் என்பது இவ்வீட்டுச் சட்டம். பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் இந்தியும் பேசித் திரியும் பிள்ளைகளுக்கு அது சற்றுக் கடுமையான சட்டந்தான். இளையவன் சொற்களில் இடறி விழுந்தாலும் எழுந்து ஓடிவிடுவான். மூத்தவனோ ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து வைத்த பின்னரே அடுத்த சொல்லுக்குப் போவான்.

முதலில் சூப்பர்மேனை வழக்கிலிருந்து விலக்கினோம். 1938ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்கதையில் தோன்றிய அவ்வீரரிடம் விரைவும் உண்டு, வலிவும் உண்டு; ஆதலின் அவர் இருதரப்புக்கும் சாட்சி சொல்லக்கூடியவர். எஞ்சியோரில் விரைவுக்குப் பிளாஷ். 1940இல் முதன்முதல் அப்பெயருடன் ஒருவர் வந்தார். 1956இல் மின்னல் தாக்கி விரைவு பெற்ற பாரி ஆலன் அதே பெயரை ஏற்றார். வலிவுக்கு ஹல்க். 1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த அப்பூதத்திற்குச் சினம் ஏற ஏற வலிவும் ஏறும்.

“பிளாஷ் அடிச்சிட்டுப் போனதே ஹல்க்குக்குத் தெரியாது தாத்தா!” என்றான் இளையவன். நாம் நாளிதழின் ஓரத்தில் கணக்குப் போட்டோம். பள்ளியில் படித்ததுதான்: ஓடும் பொருளின் ஆற்றல் அதன் நிறைக்கு ஏற்ப வளரும், வேகத்திற்கோ அதன் இருமடிக்கு ஏற்ப வளரும். நிறை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். 70 கிலோ நிறையுள்ள ஒருவன் ஒலியின் வேகத்தில், அதாவது நொடிக்கு 340 மீட்டர் ஓடினால், அவனிடம் ஏறக்குறைய 40 இலட்சம் ஜூல் ஆற்றல் இருக்கும். ஒரு கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்கு நிகர் என்க. பிளாஷுக்கு ஒலியின் வேகம் உலாவப் போவது போலத்தானே? விரைவே வெல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டோம்.

இளையவன் குதித்தான். மூத்தவன் ஒன்றும் சொல்லாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. அந்த வாரந்தான் அவனுடைய தேர்வுத் தாள் கையெழுத்துக்கு வந்திருந்தது. எழுதிய விடைகள் யாவும் சரி. கடைசிப் பக்கம் வெறுமை. அடியில் சிவப்பு மையில், ‘மிகவும் மெதுவாக எழுதுகிறான்’ என்று குறிப்பு. இளையவனோ எல்லாத் தேர்வையும் அரைமணி முன்னதாக முடித்துவிட்டு வெளியே வந்து நிற்பவன். இருவரும் நம்மிடம் கேட்டது பிளாஷையும் ஹல்க்கையும் பற்றி மட்டுந்தானா? காப்பியின் ருசியில் அதைக் கவனியாது போனோம்.

பேரன் முகம் வாடியதற்காகத் தீர்ப்பைத் திருத்துவது நீதியன்று. ஆயினும், போட்ட கணக்கை மறுமுறை பார்ப்பதில் பிழையில்லை அன்றோ? பார்த்தோம். அந்த 40 இலட்சம் ஜூல் எங்கிருந்து வந்தது? காலிலிருந்துதான் வர வேண்டும். அவ்வேகத்தில் ஓடுபவன் 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் திரும்பினால், அவன் உடலைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க வேண்டிய விசை 80 டன் எடைக்கும் மேற்பட்டது. அவ்விசையை ஒரு கணுக்கால் தாங்க வேண்டும். அன்றியும், தரை அவனுக்கு இடங்கொடுக்க வேண்டும். சாதாரணச் சாலையில் உராய்வினால் கிடைக்கும் பிடி, ஆளின் எடைக்கு ஏறத்தாழ ஒத்ததே. அதற்குமேல் உதைத்தால் கால் வழுக்கும். ஆகவே பிளாஷ் முதல் திருப்பத்திலேயே எதிர்ச் சுவரில் போய் விழவேண்டியவர். இதை உணர்ந்தோ என்னவோ, 1990களில் கதாசிரியர்கள் ‘வேகவிசை’ என்று ஒன்றைக் கற்பித்து, இந்தக் கணக்குகளையெல்லாம் அதன் தலையில் கட்டிவிட்டார்கள். விரைவு என்று நாம் கொண்டாடியது பாதிக்குமேல் வலிவே எனக் கண்டு, முன் தீர்ப்பை நிறுத்தி வைத்தோம்.

அப்பொழுது மூத்தவன் வாய் திறந்தான். “அடிக்கணும்னா அவன் கிட்ட வரணும் இல்ல தாத்தா?” என்றான். சற்று நேரம் சொல்லைத் தேடினான். “வந்தா... பிடி.”

சடுகுடு ஆடியவர்களுக்கு இவ்வொரு சொல்லே போதும். பாடிச் செல்பவன் எத்துணை விரைவினனாயினும், எதிராளியைத் தொட்டாக வேண்டும். தொடும் அக்கணத்தில் அவனும் தொடப்படுகிறான். கணுக்கால் ஒருமுறை அகப்பட்டுவிட்டால், அதுவரை ஓடிய ஓட்டத்திற்கு மதிப்பில்லை. மேலும், ஹல்க்கை நூறு அடி அடித்தால் அவன் நூறு மடங்கு சினப்பான். அடித்தவனே எதிரியை வளர்த்தவனாவான். இளையவனா விடுவான்? பிளாஷ் தன் உடலின் அணுக்களை அதிரச் செய்து சுவரையே ஊடுருவிச் செல்வதை எடுத்துக்காட்டி, பிடிக்குள் அகப்படமாட்டான் என்று வாதித்தான். அதுவும் கதையில் உள்ளதே.

உண்மையில் கதாசிரியர்களுக்கு இந்த விரைவு பெருந்தொல்லை. விரைந்தோடுபவன் ஒழுங்காகப் போரிட்டால், கதை முதல் கட்டத்திலேயே முடிந்துவிடும். ஆகவே அவனை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும். குவிக்சில்வர் என்னும் விரைவு வீரர் 2014இல் வந்த எக்ஸ்-மென் படத்தில், ஒரு சமையற்கூடத்தில் பறந்துவரும் துப்பாக்கிக் குண்டுகளை விரலால் தள்ளிவிட்டு விளையாடுவார். மறு ஆண்டில் வேறு நிறுவனம் எடுத்த அவெஞ்சர்ஸ் படத்தில், அதே பெயருடைய வீரர் குண்டுகள் பாய்ந்து இறக்கிறார். தம் தோழரையும் ஒரு சிறுவனையும் காக்கக் குறுக்கே வந்து நின்றமையால் வந்த வினை அது. இரண்டையும் பார்த்திருந்த பிள்ளைகள் இருவரும், இந்த இடத்தில் மட்டும் வாதத்தை விட்டுவிட்டு அந்தக் காட்சியைப் பற்றியே பேசினார்கள்.

பின்னர் 1967ஆம் ஆண்டு ஓட்டத்தைச் சொன்னோம். சூப்பர்மேன் இதழின் 199ஆம் எண்ணில், அவரும் பிளாஷும் ஐக்கிய நாடுகள் சபைக்கு நிதி திரட்ட உலகைச் சுற்றி ஓடினார்கள். சூதாட்டக் கும்பல்கள் இரண்டு ஆளுக்கொருவர்மீது பணம் கட்டியிருந்தன. அதை அறிந்த வீரர்கள் இருவரும் ஒருசேர எல்லையைத் தொட்டு, வெற்றி தோல்வி இல்லாமற் செய்துவிட்டார்கள். அதை எழுதிய ஜிம் ஷூட்டருக்கு அப்பொழுது 16 வயதுகூட நிரம்பவில்லை.

“அது ஏமாத்து!” என்று இருவரும் ஒரே குரலில் கூவினார்கள். அன்று காலை இருவரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றே.

மாலையில் மொட்டை மாடியில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார்கள். இளையவன் பாடிக்கொண்டு போனான். மூத்தவன் கால்களை ஊன்றி நின்றான். நம்மை நடுவராக நிறுத்தியிருந்தார்கள். ஒரு கூச்சல், இருவரும் கோட்டின்மேல் ஒன்றாக உருண்டார்கள். கோட்டைத் தொட்டது முன்னரா, பிடித்தது முன்னரா என்று கேட்டார்கள். நாம் அச்சமயம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மறுபடி ஆடச் சொன்னோம்.