சாலை மட்டமா, தோட்ட மட்டமா?

காரைக்காலில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் தரைத்தளத்துக்கு 'ரெ-த-ஷொஸே' என்று சொல்லிக் கொடுத்தார்கள். சாலை மட்டத்தில் இருப்பது என்று பொருள். காரைக்கால் தட்டையான ஊர். அங்கே சாலையும் தரையும் ஒன்றுதான். எழுபது வயது தாண்டும் வரை அந்தச் சொல்லை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

போன ஐப்பசியில் என் மனைவியின் ஊரான புதுக்கோட்டையில் வாடகை வீடு தேடினோம். அவளுக்கு மூட்டு அறுவை முடிந்து கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தாள். குடியிருந்த வீட்டுக்குப் பதினெட்டுப் படி. ஆகவே தரைத்தளம் ஒன்றே நிபந்தனை.

கிடைத்த கட்டடம் கண்மாயைப் பார்த்துச் சரியும் மனையில் இருந்தது. சாலையிலிருந்து நேரே நுழைந்தால் ஒரு வீடு. அதற்கு அடியில், பின்பக்கத் தோட்டத்து மட்டத்தில், இன்னொன்று. பூச்சு வேலை முடியவில்லை. "ரெண்டும் தரைத்தளந்தான் சார், எது வேணும்?" என்று உரிமையாளர் இரண்டு வரைபடங்களை நீட்டினார். 1968-இல் பிரான்சுக்குப் போய், தூலோனில் மலைச்சரிவில் குடியிருந்த என் அண்ணன், தன் வீட்டை 'ரெ-த-ழர்தேன்' என்று கடிதத்தில் எழுதுவார். தோட்ட மட்டம். பள்ளியில் சொல்லித் தராத சொல். அப்போதுதான் அதன் தேவை எனக்குப் புரிந்தது.

எனக்குக் கீழ்வீட்டின் மேல் ஆசை. வாடகை 2,000 குறைவு. கூடத்தைத் திறந்தால் தோட்டம், தாண்டினால் கண்மாய்த் தண்ணீர். ஆனால் நான் பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்தவன். வரைபடம் போடத் தெரியாது. முப்பது வருடம் அவற்றைக் கோப்பில் கோத்தவனுக்குப் படிக்கத் தெரியும். கீழ்வீட்டில் சமையலறையும் குளியலறையும் சாலைப்பக்கச் சுவரை ஒட்டி இருந்தன. அந்தச் சுவருக்கு அப்பால் காற்று இல்லை, மண். சன்னல் வைக்க வழியில்லை.

நல்ல மழை பெய்த மறுநாள் தனியாகப் போய் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஈரம். ஓரிடத்தில் உப்பும் பூத்திருந்தது. இந்தப் பக்கத்தில் மேலே சரளைச் செம்மண், சற்றுத் தோண்டினால் பாறை. இறங்கிய மழைநீர் பாறையில் முட்டிச் சரிவோடு நகரும். வழியில் சுவர் நின்றால் சுவரைத்தான் தள்ளும். சுவரில் நீர் கசிய ஓட்டையும், அதன் பின்னால் ஜல்லி நிரப்பிய வடிகாலும் வேண்டும். இரண்டும் வரைபடத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து இதை விளக்கமாகச் சொன்னேன், குரலில் கொஞ்சம் வருத்தத்தோடு. அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "ஈரத்தை விடுங்க. நமக்கு ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா, ஸ்ட்ரெச்சரைத் தோட்டத்துலேருந்து ரோட்டுக்கு யாரு தூக்குவா?"

சரிவை நான் தண்ணீர் போகும் திசையில் மட்டும் பார்த்திருந்தேன்.

மேல்வீட்டை எடுத்தோம். பூச்சு வேலை முடியாதது நல்லதாய்ப் போயிற்று. வாசலில் இரண்டு அங்குல நிலைப்படியை எடுக்கச் சொன்னேன். குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டச் சொன்னேன்; உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவு அவர் மேலேயே இடிக்கும். உரிமையாளர் முகம் சுளித்தார், செய்தார். கீழ்வீட்டுச் சுவரைப் பற்றியும் விடாமல் நச்சரித்தேன். நமக்கு இல்லாத வீட்டுக்கு இவர் ஏன் இப்படி அலைகிறார் என்று நினைத்திருப்பார். தை மாதம் வடிகால் தோண்டினார்.

இப்போது கீழே ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண் தோட்டத்தில் அரைக்கீரை போட்டிருக்கிறாள். என் மனைவி சமையலறைச் சன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குகிறாள். அது கீரையோடு மேலே வருகிறது.