ஆளுக்கு எத்தனை துணி?

2002 வறுமைக்கோட்டுக் கணக்கெடுப்பில் எங்கள் சேரிக்கு வந்தவர்கள் கேட்ட கேள்வி இது. ஆளுக்கு இரண்டுக்கும் குறைவு என்றால் சுழியம். பத்தும் அதற்கு மேலும் என்றால் 4 மதிப்பெண். மொத்தம் 13 கேள்விகள், 52 மதிப்பெண். மதிப்பெண் ஏற ஏற ஏழைகள் பட்டியலிலிருந்து தள்ளிப்போவோம். ஊர்த்தெருவில் கொடுத்த பழைய சேலைகளையும் சேர்த்தே எண்ணினார்கள். அந்தச் சேலைகளைக் கை நீட்டி வாங்க வைத்த சாதிக்கு மட்டும் மதிப்பெண் இல்லை.

ஏழைகள் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற வரம்பையும் மேலேயே போட்டுவிட்டார்கள். வீடு கேட்டுப் போனால், "பட்டியல்ல பேர் இல்லம்மா" என்பதே பதில்.

2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பம் என்பதே ஏழு இல்லாமைகளில் ஒன்றானது. கையால் மலம் அள்ளும் குடும்பங்களைத் தானாகவே சேர்த்தார்கள். அது போராடிப் பெற்ற மாற்றம். ஆனால் வாசலில் மோட்டார் வண்டி நின்றால் அந்தக் குடும்பம் வெளியே. பெயின்ட் வேலைக்குப் போகக் கடனில் வாங்கிய வண்டிக்கும் அதே விதிதான்.

தோழர்களே, கிராமசபையில் பட்டியலைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் விடுபட்டவர்கள் பெயரை நாம் வாசிப்போம்.