ஆக்சிலும் மூச்சு விடும்

வால்பாறை மலையில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஜீப்புக்கு ஓய்வில்லை. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தார்ச்சாலை முடிந்து தேயிலைக் காட்டுக்குள் திரும்பினால் செம்மண்ணும் உருளைக்கல்லும்தான். நாலு திருப்பம் தாண்டினால் ஓர் ஓடை, ஓடைக்கு ஒரு தரைப்பாலம், பல நாள் அந்தப் பாலத்துக்கும் மேலே தண்ணீர். உர மூட்டை மேலே ஏறவும், பிரசவ வலி கண்ட பெண் கீழே இறங்கவும் அங்கே பழைய மஹிந்திரா ஜீப்தான் துணை. அந்த வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை செய்பவன் நான். மழைக்காலத்தில் ஒரு போர்வீல் வண்டி பட்டறைக்குள் வந்தால், எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்பே பின் ஆக்சிலின் டிரெயின் பிளக்கைத் தேடிவிடுவேன்.

பிளக்கைத் திறப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டியைச் சமதரையில் ஓர் இரவு அசையாமல் நிறுத்த வேண்டும். கியர் ஆயிலைவிடத் தண்ணீருக்குக் கனம் அதிகம், ஆகவே விடிவதற்குள் அடியில் தங்கிவிடும். காலையில் பிளக்கை முழுக்கக் கழற்றாமல் மெல்லத் தளர்த்தினால், ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் சொட்டும். அப்படித் தனியாகச் சொட்டினால் அது அண்மையில் புகுந்தது, பெரிய கேடு நடந்திருக்காது. பால்விட்ட காபி நிறத்தில் கலங்கலாக வந்தால், உள்ளே சுற்றும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் தண்ணீரையும் ஆயிலையும் சேர்த்துப் பல கிலோமீட்டர் கடைந்துவிட்டது என்று பொருள். அது லேசில் பிரியாது. முழுவதையும் வடித்து, ஹவுசிங்கைக் கழுவி, புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடியும் வடித்துப் பார்க்க வேண்டும்.

ஆக்சிலுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலில் கிரவுனும் அதைச் சுற்றவைக்கும் பினியனும் ஒன்றின்மேல் ஒன்று உருளுவது மட்டுமில்லை, பல்லோடு பல் வழுக்கித் தேய்த்துக்கொண்டே சுற்றுகின்றன. அந்தத் தேய்ப்பைத் தாங்கத்தான் இ.பி. 90 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கூட்டுப்பொருள்களைக் கலக்கிறார்கள். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நிற்பது மெல்லிய ஒரு படலம். தண்ணீர் கலந்தால் அது அறுந்துபோகிறது. ஓடும்போது பல் தேய்கிறது, நிற்கும்போது பேரிங்கில் துரு ஏறுகிறது. பேரிங் உருளையில் குண்டூசி முனையளவு துருக்குழி விழுந்தால் போதும், அங்கிருந்து செதில் செதிலாகப் பெயரும். ஓடையைக் கடந்த அன்று எதுவும் தெரியாது. மழையெல்லாம் ஓய்ந்து வெயில் அடிக்கும்போதுதான் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்கும்.

"சீல் போயிருச்சுங்கண்ணா, நல்ல சீலாப் பாத்து மாத்தி விட்ருங்க" என்றுதான் வண்டியோடு வருகிறவர்கள் சொல்வார்கள். ஆயில் வெளியேறாமல் ஷாஃப்ட்டைச் சுற்றி நிற்கும் அந்த ரப்பர் வளையத்தை மாற்றலாம். காரணத்தைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால் அடுத்த ஓடையிலேயே மறுபடி தண்ணீர் ஏறும். பெரும்பாலான வண்டிகளில் அந்தக் காரணம் ஹவுசிங்கின் தலையில், விரல்நுனி அளவுள்ள ஒரு மூடிக்குள் இருக்கிறது. பிரீதர் என்போம்.

ஆக்சில் ஹவுசிங்குக்குள் கீழ்ப்பாதி ஆயில், மேலே காற்று. வண்டி சுமையோடு மலையேறும்போது ஆயில் சூடாகிறது, காற்றும் சூடாகி விரிகிறது. விரிந்த காற்று வெளியேற வழி வேண்டும். அதற்குத்தான் பிரீதர். இதுவரை எல்லாருக்கும் தெரியும். அடுத்து நடப்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. சூடேறிய ஆக்சில் நேராக ஓடைக்குள் இறங்குகிறது. குளிர்ந்த தண்ணீர் இரும்பில் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்கிய காற்று வெளியிலிருந்து இழுக்கிறது, இழுக்கும் நேரத்தில் வெளியே இருப்பது தண்ணீர்.

எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். உள்ளே காற்று 80 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கிறது, தண்ணீர் பட்டு 25 பாகைக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று நுழைய வழியே இல்லாவிட்டால் உள்ளழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். அது ஒன்றரை மீட்டர் ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். சக்கரத்தின் உயரம் 70 செ.மீ. என்றால் ஆக்சில் ஷாஃப்ட் தரையிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஓடைத் தண்ணீர் சக்கரத்தின் தலைவரை வந்தாலும் ஷாஃப்ட்டுக்கு மேலே நிற்கும் தண்ணீர் 35 செ.மீ.தான். வெளியே இருக்கும் தண்ணீர் தள்ளுவதைப் போல நாலு மடங்கு உள்ளே இருக்கும் காற்று இழுக்க முடியும். சக்கரத்தில் பாதி அளவுத் தண்ணீரே ஆக்சிலைக் கெடுக்கப் போதுமானதாக இருப்பது இதனால்தான். 2020இல் வந்த புதிய மஹிந்திரா தார் ஜீப் 650 மி.மீ. ஆழம் வரை இறங்கலாம் என்று நிறுவனம் சொல்கிறது. அந்த ஆழத்தில் எஞ்சின் நனையாமல் இருக்கலாம், ஆக்சில் முழுக்கத் தண்ணீருக்குள்தான்.

இந்த இழுப்புக்கு எதிராகச் சீல் ஏன் தோற்கிறது? ஆயில் சீலின் உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் வளையம் இருக்கும். அந்த உதடு ஆயிலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. உள்ளிருந்து வரும் அழுத்தம் உதட்டை ஷாஃப்ட்டோடு சேர்த்து அமுக்கும், வெளியிலிருந்து வரும் அழுத்தம் அதைத் தூக்கிவிடும். வெளிப்பக்கம் இருக்கும் இரண்டாவது சின்ன உதடு தூசுக்கு அணை போடுவது, அழுத்தத்தைத் தாங்குவதற்காக வைத்ததல்ல. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சீலாக இருந்தாலும் இந்த அமைப்பு மாறாது.

பிரீதர் மண்ணால் அடைத்துக்கொண்டால் எதிர்க்கேடும் உண்டு. சூடான காற்று போக வழியில்லாமல் ஆயிலைச் சக்கரத்துப் பக்கம் தள்ளும். சீலைத் தாண்டிய ஆயில் பிரேக் டிரம்முக்குள் இறங்கி லைனிங்கை நனைக்கும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்க 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிலில் ஊறிய லைனிங்கோடு ஒருவர் அந்த வழியில் இறங்குவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறும். அதனால் பின்சக்கரத்தில் ஆயில் கசிகிறது என்று வரும் வண்டியில் முதலில் பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்க்கிறேன். காற்று போகவில்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. பிறகுதான் சக்கரத்தைக் கழற்றுவேன்.

ஆக்சில் மூச்சு விடுவதை நிறுத்த முடியாது. அது மூச்சு வாங்கும் இடத்தை உயரத்துக்குக் கொண்டுபோக முடியும். மூடியைக் கழற்றிவிட்டு அதே மரைக்குப் பொருந்தும் நிப்பிள் போட்டு, டீசலுக்கும் ஆயிலுக்கும் தாங்கும் ரப்பர் ஹோஸை மாட்ட வேண்டும். சாதாரண தண்ணீர்க் குழாய் ஆயில் பட்டு ஊதிப்போகும். ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்குப் போகும் இடத்தில் ஹோஸைத் தாராளமாக விட வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அறுந்துவிடும். அங்கிருந்து சைலன்சரை விட்டு விலகி, மேல்நோக்கியே போக வேண்டும். நடுவில் எங்கேயாவது தொய்வு விழுந்தால் அந்தத் தொய்வில் ஈரம் தேங்கி அடைப்பாகிவிடும். கடைசியில் பானட்டுக்குள், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டின் உச்சியில், வாய் கீழே பார்க்கும்படி கட்டி, நுனியில் ஒரு சின்னப் பெட்ரோல் ஃபில்டர் மாட்டிவிடுவேன். முன் ஆக்சில், பின் ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடு. நாலையும் ஒரே குழாயில் சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்று அடைத்தால் நாலும் அடைக்கும், எது அடைத்தது என்றும் தெரியாது.

இதைச் செய்து முடித்த பிறகுதான் சீலுக்கு மரியாதை. புது சீலைக் கையில் எடுக்கும் முன் ஷாஃப்ட்டில் அது உட்காரும் இடத்தை நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் பழைய உதடு அங்கே பள்ளம் வெட்டியிருக்கிறது. அந்தப் பள்ளத்தில் எந்தச் சீலும் நிற்காது. ஹவுசிங்கில் இடம் இருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம், உதடு புது இடத்தில் ஓடும். இடம் இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஒன்றை ஷாஃப்ட்டின் மேல் ஏற்ற வேண்டும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும், இரண்டு உதட்டுக்கும் நடுவே கிரீஸ் வைக்க வேண்டும், சீலின் விளிம்புக்குச் சரியான விட்டமுள்ள குழாயை வைத்து நேராகத் தட்ட வேண்டும். ஒருபக்கமாகச் சுத்தியலால் அடித்த சீல் முதல் நாளே கோணிக்கொள்ளும். ஷாஃப்ட் முனையின் ஸ்பிளைன் பற்கள் கத்தி போலக் கூர்மையானவை. அவற்றின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு நுழைத்தால் உதடு கிழியாது.

பழைய ஜீப்பின் முன் ஆக்சில் தனிக் கதை. சக்கரம் திரும்பும் இடத்தில் இரும்பு உருண்டை ஒன்று, அதைத் துடைத்தபடி நகரும் கம்பளி நமுதாவும் ரப்பரும் சேர்ந்த வளையம். உருண்டை வழவழப்பாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும். துருப்பிடித்துச் சொரசொரப்பானால் நமுதாவை அரம் போட்டதுபோல் அறுத்துவிடும். வண்டி சும்மா நிற்கும்போதுதான் இந்தத் துரு அதிகம் ஏறுகிறது. நமுதாவை மாட்டும் முன் ஆயிலில் ஊற வைப்பதை மறக்கக் கூடாது.

சேறு, தண்ணீரைவிடப் பொறுமையாகக் கெடுக்கும். உதட்டின் ஓரத்தில் காய்ந்த செம்மண் அடுத்த பயணத்தில் ஷாஃப்ட்டோடு சுற்றி உப்புத்தாள் வேலையைச் செய்யும். காவிரி டெல்டாவில் சேற்றுழவு ஓட்டும் டிராக்டர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். நாள் முழுக்கச் சேற்றிலேயே சுற்றுகிற ஆக்சில்களுக்குக் கேசட் சீல் என்று ஒன்று போடுகிறார்கள். உதடும் அது உராயும் பரப்பும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். சேறு பல தடுப்புகளைச் சுற்றி வந்தால்தான் ஆயிலைத் தொட முடியும். அதையும் வைக்கோலும் நைலான் கயிறும் சுற்றிக்கொண்டு அறுத்துவிடுவதுண்டு. காட்டுக்குள் போய்வரும் ஜீப்பிலும் கொடியும் சாக்குக் கயிறும் ஹப்புக்குப் பின்னால் சுற்றியிருக்கும், கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது வாட்டர் சர்வீஸ். ஓடையில் போகாத வண்டியின் ஆக்சிலிலும் தண்ணீர் இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மலையிறங்கிய சூட்டோடு வண்டியை ஏற்றி நிறுத்தி, அடியில் பிரஷர் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். ஓடை செய்யும் குளிர்ச்சியும் இழுப்பும் அங்கேயும் நடக்கிறது. கூடவே ஓடையில் இல்லாத வேகத்தில் தண்ணீர் நேராகச் சீலின் உதட்டிலும் பிரீதர் மூடியிலும் அடிக்கிறது. ஆக்சில் ஆறிய பிறகு, ஹப்பையும் சீலையும் பிரீதரையும் விட்டு விலகிப் பாய்ச்சினால் ஒரு கெடுதலும் இல்லை. மண்ணைக் கழுவத்தான் வேண்டும், காயவிட்டால் அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஹவுசிங்கையே அரிக்கும்.

ஓட்டுகிறவர் கையிலும் பாதி இருக்கிறது. ஓடைக்கரையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஆழத்தையும் இழுப்பையும் பார்க்கும் நேரத்தில் ஆக்சில் கொஞ்சம் ஆறும். இரண்டுக்கும் பயன்படும் நிறுத்தம் அது. பிறகு மெல்ல, ஒரே சீராகக் கடக்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. மறுகரை ஏறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து லைனிங்கைக் காய வைக்க வேண்டும்.

மே மாதம் முடிவதற்குள் உங்கள் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்து, இரண்டு ஆக்சில்களின் பிரீதர் மூடியையும் துடைத்து விரலால் திருகிப் பாருங்கள். திரும்பாமல் இறுகிக்கிடந்தாலோ, ஊதினால் காற்று போகாவிட்டாலோ, முதல் மழைக்கு முன்பே பட்டறைக்குக் கொண்டுபோய் ஹோஸ் போட்டுவிடுங்கள். கிரவுன்-பினியன் செட் ஒன்றின் விலைக்கு முன்னால் அந்த ஹோஸின் விலை மிகக் குறைவு.