இரண்டாம் முறை எடுத்துவிடும்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "காரின் செல்ஃப் மோட்டார் எத்தனை வருஷம் வரும்?" அவருடைய வண்டி காலையில் சாவியைத் திருப்பினால் முதல் முறை 'டக்' என்று ஒலித்துவிட்டு அடங்கிவிடுகிறதாம். இரண்டாம் முறை ஒழுங்காகக் கிளம்புகிறதாம். "அதான் எடுத்துடுதே, இப்போ எதுக்கு மாத்தணும்?" என்றார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வாக்கியத்தை நான் வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

1996-இல் அப்பா ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினார். வீடு மந்தைவெளியில், இரண்டாம் மாடி. வங்கி வேலை. நெடும்பயணங்களில் ஆர்வம் இல்லாதவர். காலையில் கபாலீசுவரர் கோயில், திரும்பும் வழியில் லஸ் முனையில் காய்கறி, மாலையில் பாண்டி பஜாரிலோ பனகல் பூங்காப் பக்கமோ ஒரு வேலை, ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் அத்தை வீடு. பன்னிரண்டு ஆண்டுகளில் எழுபதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. "புது வண்டி மாதிரிதான்" என்பது அவருடைய பெருமை.

2008 மே மாதத்தில் அந்த 'டக்' சத்தம் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு முறை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். நான் இரண்டொரு தடவை, "மெக்கானிக்கிட்ட காட்டலாம்ப்பா" என்றேன். "ரெண்டாம் தடவை எடுத்துடும்டா. பேட்டரி கொஞ்சம் சோம்பேறி" என்றார். நானும் விட்டுவிட்டேன். அதே மாதத்தில்தான் அவர் மாடிப்படியில் முதல் தளத்தில் ஒரு நிமிடம் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். "என்னப்பா?" என்றால், "ஒண்ணுமில்ல, போ" என்பார். நான் முன்னால் ஏறிப் போய்விடுவேன். சற்று நேரத்தில் அவரும் வந்துவிடுவார்.

ஜூன் மாதம் ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும், அம்மா என்னை எழுப்பினாள். அப்பா கட்டிலில் அமர்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டை முழுதும் வியர்வை. எப்படியோ கீழே இறக்கி வண்டியில் உட்கார வைத்தோம். சாவியைத் திருப்பினேன். டக். மறுபடியும் திருப்பினேன். டக். பத்து முறையாவது திருப்பியிருப்பேன். முகப்பு விளக்குகள் சுவரில் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தன. பகலில் என்றால் இஸ்திரி வண்டிக்காரரும் காவலாளியும் சேர்ந்து தள்ளியிருப்பார்கள். இரண்டாம் கியரில் போட்டு, வண்டி உருளும்போது கிளட்சை விட்டால் என்ஜின் உயிர்பெற்றுவிடும். அந்த நேரத்தில் தெருவில் நாய்களைத் தவிர யாரும் இல்லை.

பேருந்து நிலையத்தருகே ஓர் ஆட்டோவில் ஓட்டுநர் உறங்கிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் எழுப்பினேன். அவர் ஒன்றும் கேட்காமல், இருக்கைக்குக் கீழே இருந்த கைப்பிடியை இரண்டு முறை இழுத்தார். ஆட்டோ கிளம்பிவிட்டது.

மருத்துவமனையில் அப்பாவுக்கு இரத்தக் குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துவிட்டார். மறுநாள் இளம் மருத்துவர் என்னிடம் கேட்டார்: "ஒரு மாசமாவே படியேறும்போது மூச்சு வாங்கியிருக்குமே, நீங்க யாரும் கவனிக்கலையா?" கவனித்திருந்தேன் என்பதுதான் உண்மை. அதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

அப்பா மருத்துவமனையில் இருந்தபோதே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் இராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் முதலில் மோட்டாரைத் தொடவே இல்லை. பேட்டரி முனைகளைத்தான் பார்த்தார். அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தாலோ, எர்த் வயர் தளர்ந்திருந்தாலோ நல்ல மோட்டார்கூடச் சுற்றாது என்றார். பிறகு கேட்டார்: "சாவி போடும்போது லைட்டு மங்குச்சா சார்?" இல்லை என்றேன். "அப்போ பேட்டரி குத்தம் இல்ல. செல்ஃபுதான்."

கழற்றிப் பிரித்துக் காட்டினார். உள்ளே மின்சாரத்தைச் சுழலும் பகுதிக்குக் கடத்தும் கார்பன் கட்டைகள் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தன. சோலனாய்டினுள் இருந்த செம்பு முனைகள் பொறி பட்டுப் பட்டுக் குழி விழுந்திருந்தன. இரு முகப்பு விளக்குகளும் சேர்ந்து எடுப்பது பத்து ஆம்பியர் அளவு. இந்த மோட்டாரோ நூறு ஆம்பியருக்கும் மேல் கேட்கும். தேய்ந்த முனைகளின் வழியே விளக்குக்குப் போதுமான மின்சாரம் போனாலும் மோட்டாருக்குப் போதாது. 'டக்' என்பது சோலனாய்டு தன் வேலையைச் செய்துவிட்ட ஓசை. அதற்குப்பின் வரவேண்டியது வரவில்லை. "ஒரு மாசமா சொல்லிட்டு இருந்திருக்கும் சார்" என்றார். மருத்துவர் சொன்ன அதே ஒரு மாதம்.

புது மோட்டார் வாங்கலாம். புதுப்பேட்டையில் பழுதுபார்த்த பழைய மோட்டார் கிடைக்கும். அல்லது உள்ளே தேய்ந்ததை மட்டும் மாற்றலாம். ஆர்மேச்சர் கருகாமல் இருந்ததால் கார்பன், புஷ், செம்பு முனைகளை மட்டும் மாற்றினார். சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. அந்தத் தொகையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

வீடு திரும்பிய அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். வங்கிக்காரர் அல்லவா! ஒரு நாளைக்கு எட்டு முறை, ஆண்டுக்கு முந்நூறு நாள், பன்னிரண்டு ஆண்டு. மொத்தம் 28,800. "ஓட்டத்துல தேயலடா, கிளம்பிக் கிளம்பியே தேஞ்சிருக்கு" என்றார். அவர் கணக்கு சரிதான். செல்ஃப் மோட்டாரின் ஆயுளைக் கிலோமீட்டரிலோ ஆண்டிலோ அளப்பது பொருந்தாது. சாதாரண மோட்டார் சில பத்தாயிரம் முறை கிளப்பும். திருச்சிக்கும் மதுரைக்கும் ஓடும் வண்டி ஒரு முறை கிளம்பி முந்நூறு கிலோமீட்டர் போய்விடும். மயிலாப்பூருக்குள் சுற்றும் வண்டி ஒவ்வொரு கடைவாசலிலும் நின்று மறுபடி கிளம்ப வேண்டும்.

அம்பாசிடர் காலத்தில் இந்த மோட்டார் படுத்துவிட்டால் முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுவார்கள். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அந்த ஆபத்தை நீக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1911-இல் அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் கடைகளின் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர் அவர். சில நொடிகள் மட்டும் வேலை செய்தால் போதுமென்றால், சிறிய மோட்டாரிடமிருந்தே பெரும் வலுவை வாங்கலாம் என்பது அங்கே கற்ற பாடம். அதனால்தான் சாவியைத் தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் பிடிக்கக்கூடாது, இடையில் ஓய்வு தரவேண்டும் என்கிறார்கள். அன்றிரவு நான் அதையும் செய்யவில்லை.

இப்போது சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் கார்களுக்குச் சில லட்சம் முறை தாங்கும் மோட்டார்கள் உண்டு. மின்சாரக் கார்களில் இந்த மோட்டாரே கிடையாது. என் நண்பரின் வண்டி இரண்டு வகையும் அல்ல. எனவே அவரிடம் சொன்னேன்: "நாளைக்கே காட்டுங்க. முதல்ல பேட்டரி முனையைப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டாம் தடவை எடுக்குதுன்னா அது நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல."

அப்பா அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். 2017-இல் காலமானார். அவர் இருந்தவரை அந்த மோட்டார் ஒருநாளும் தகராறு செய்யவில்லை. வண்டியை விற்றுவிட்டோம்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. சில நாட்களாக முதல் தளத்தில் சற்று நின்றுதான் மேலே வருகிறாள். "ஒண்ணுமில்ல, நீ போ" என்கிறாள். நான் போவதில்லை. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.