முதல் ஸ்லைடில் யார் இருக்கிறார்?

முதலீடு கேட்டு வரும் இளைஞர்களின் பிரசன்டேஷனைக் கேட்க உட்காரும்போதெல்லாம் எனக்குக் கோவை அருணாசலம் முருகானந்தம் நினைவுக்கு வருவார். குறைந்த செலவில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, 2016இல் பத்மஸ்ரீ பெற்றவர். மேடையேறினால் அவர் இயந்திரத்தின் விலையில் தொடங்குவதில்லை. கல்யாணமான புதிதில் மனைவி சாந்தி எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனதைச் சொல்வார். அது பழந்துணி. கடையில் வாங்கினால் என்ன என்று கேட்டால், பால் செலவில் கைவைக்க வேண்டியிருக்கும் என்கிறார் மனைவி. விலை ஏன் குறைய வேண்டும் என்பது அரங்கில் எல்லோருக்கும் அங்கேயே விளங்கிவிடுகிறது.

பிறகு பஞ்சை வைத்துச் செய்து தோற்றது, கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்தது, ஊர் ஒதுக்கியது, மனைவி பிரிந்து போனது. கடை நாப்கினுக்குள்ளே இருப்பது பஞ்சல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடித்த இடம் வரும்போது நாமும் அவரோடு தேடிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டு இயந்திரம் கோடிகளில், இவருடையது லட்சத்துக்குள் என்று கடைசியில் சொன்னால் அந்த எண் மனதில் தைக்கிறது.

ஸ்லைடுகளில் இப்படிக் கோர்வையாகச் சொல்வது கடினம். 2004இல் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தன் நிறுவனத்தின் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்ட் வேண்டாம் என்றார். முழு வாக்கியங்களில் குறிப்பு எழுதி வர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் அதைப் படிப்பார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. புள்ளி வைத்து அடுக்கும்போது எதனால் எது நடந்தது என்று சொல்லாமலே நகர்ந்துவிடலாம். கதை அப்படி நழுவ விடாது.

ஆனால் இணையத்தில் எடுத்த ஒரு விவசாயியின் படத்தை முதல் ஸ்லைடில் ஒட்டி, நாலு வரி சோகம் சொல்லிவிட்டு, பிறகு அவரை மறந்தே போகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை அது.

ஒருமுறை, மீன் விற்கும் பெண்களுக்காகக் குளிர்பெட்டி செய்து முதலீடு கேட்டு வந்த ஓர் இளம்பெண், சந்தை அளவு, போட்டியாளர், லாப விகிதம் என்று வேகமாகத் தள்ளிக்கொண்டே போனார். முதல் பெட்டியை வாங்கியவர் யார் என்று கேட்டேன். ரிமோட்டைக் கீழே வைத்தார். மதியத்துக்கு மேல் கூடையில் மிஞ்சும் மீனை அந்த அம்மா அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போவதையும், அன்றைய வட்டிக்கே அது பற்றாததையும், பெட்டி வந்தபின் சாயங்காலச் சந்தைக்கும் போகத் தொடங்கியதையும் சொன்னார். அந்த நஷ்டக் கணக்கு ஏற்கெனவே திரையில் வந்து போயிருந்தது. பக்கத்தில் இருந்தவர் அந்த ஸ்லைடுக்குத் திரும்பப் போகச் சொன்னார்.