குடலும் ஒரு குடியிருப்பே

நம் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம்மால் செரிக்க இயலாத நார்ப்பொருளை உண்டு, குடற்சுவருக்கு ஊட்டந்தரும் அமிலங்களை அவை உண்டாக்குகின்றன. இப்பாடம் நடந்த அன்று எங்கள் தோழி ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், உணவு கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து கிருமிகளைத் தடுக்கிறதே, அது வயிற்றிலுள்ள நல்லவற்றை மட்டும் விட்டுவிடுமா?" என்று கேட்டாள். சிஸ்டர் உடனே விடை கூறவில்லை. "நாளை அவரவர் வீட்டிலுள்ள தின்பண்ட உறைகளைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

ரொட்டி உறையில் 282 என்றிருந்தது. அது கால்சியம் புரோப்பியனேட். தக்காளி சாஸில் 211. அது சோடியம் பென்சோயேட். சிலவற்றில் "இரண்டாம் வகுப்புப் பதப்பொருள்" என்றும் அச்சிட்டிருந்தது. உப்பு, சர்க்கரை, வினிகர் ஆகியவை முதல் வகுப்பாம்! அப்படியானால் எங்கள் அமுச்சிமாரின் மோர்மிளகாயும் மாங்காய் வத்தலும் முதல் வகுப்பில் தேறியவை என்று சிரித்தோம்.

பிறகு சிஸ்டர் விளக்கினார். 2019-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 14 பேருக்குப் புரோப்பியனேட் கலந்த உணவைக் கொடுத்தபோது, இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும் குளுக்ககான் என்னும் சுரப்பு உயர்ந்தது. நெடுநாள் அதை உண்ட எலிகள் எடை கூடின. இன்சுலின் அவற்றிடம் சரிவர வேலை செய்யவில்லை. 2024-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார், நைசின் என்ற பதப்பொருள் தீய கிருமிகளோடு நல்ல குடல் நுண்ணுயிர்களையும் தாக்குவதை ஆய்வுக்கூடத்தில் கண்டனர். தோழியின் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆயினும் இவை தொடக்க ஆய்வுகளே. பூஞ்சை பிடித்த ரொட்டியும் நஞ்சுதான் என்பதை மறத்தலாகாது.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். "உங்கள் வீட்டில்?" என்றபோது எங்களில் பலரின் கைகள் உயர்ந்தன. ரொட்டி ஒன்றே காரணமன்று. ஆனால் விடியுமுன் மில்லுக்கு முதல் ஷிப்டு செல்லும் தாய்க்கு அந்த ரொட்டிதானே கைகொடுக்கிறது? அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே வேலையை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இரவில் மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைப்பது ஒரு நிமிட வேலை. அடுப்பும் வேண்டாம், காசும் வேண்டாம். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் அம்மாவுக்கும் எங்களுக்கும் உணவு தயார். அதில் வளரும் நுண்ணுயிர்கள் குடல் நோய்க்கு உதவுமா என்று சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவர்களே ஆராயத் தொடங்கியுள்ளனர்.

தோழியரே, கடையில் எதை வாங்கினாலும் உறையைத் திருப்பிப் படியுங்கள். வீட்டில் ஒரு வேளையேனும் அன்று ஆக்கியதை உண்ணுங்கள். தாயின் சுமையில் ஒரு கைப்பிடியை நாம் சுமந்தால் அதுவே பெரிய மருந்து!